ஏவுகணையும் ஏவூர்தியும் ஒன்றல்ல

"மீண்டும் பயன்படுத்தக்கூடிய ஏவுகணையை இஸ்ரோ வெற்றிகரமாகத் தரையிறக்கியது." போட்டித் தேர்வுக்கான நடப்பு நிகழ்வுத் தொகுப்பு ஒன்றில், அறிவியல் தொழில்நுட்பப் பகுதியில் இருந்த வரி இது. இறக்கை வைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்காக இஸ்ரோ உருவாக்கிவரும் புஷ்பக் பற்றிய செய்தி. 2024 ஜூன் 23 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் நடந்த சோதனை. ஏவுகணை போய் அடிக்கும், அடித்ததோடு அதன் கதை முடிந்தது. அது எங்கே திரும்பி வந்து இறங்குவது? கர்ணனே நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை தொடுக்கவில்லை. இத்தனைக்கும் அந்தச் சோதனையில் புஷ்பக்கை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய், சுமார் 4.5 கி.மீ. உயரத்தில் விட்டார்கள், அது தானாகச் சறுக்கி வந்து ஓடுபாதையில் இறங்கியது. யாரும் ஏவவும் இல்லை, அங்கே கணையும் இல்லை.

ஒரு தொகுப்பில் ஒரு பிழை என்றால் விட்டுவிடலாம். ஆனால் பிஎஸ்எல்வி ஏவுகணை, ஜிஎஸ்எல்வி ஏவுகணை, "சந்திரயானைச் சுமந்தபடி ஏவுகணை சீறிப் பாய்ந்தது" என்று வருடக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. (தமிழ்ச் செய்திகளில் ராக்கெட் என்றால் சீறிப் பாய்ந்தே ஆக வேண்டும், வேறு எப்படியும் அதற்குப் போகத் தெரியாது. அது தனி வழக்கு.)

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தின் ராக்கெட், நூல் நூற்கப் பயன்பட்ட சிறு கழியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. வடிவம் ஒத்துப்போனதால் வாணவெடிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மிசைல் லத்தீன் வழி வந்தது, எறியத்தக்கது என்று பொருள். நம் பக்கம் கணை என்றால் அம்பு. "கணைகொடிது யாழ்கோடு செவ்விது" என்ற 279ஆம் குறளில் வருகிற அதே கணை. பார்க்க நேராக இருந்தாலும் அதன் வேலை கொல்வது. ஏவு என்றால் செலுத்து, தூண்டு, கட்டளையிடு. ஓரெழுத்து ஒருமொழிப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஏ என்றால் அம்பு என்பதும் நினைவிருக்கும். அதனால் ஏவுகணை என்ற சொல்லில் அம்பு வாடை இரட்டிப்பாகவே வீசுகிறது, மிசைலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. அந்தச் சொல்லோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்ரீஹரிகோட்டாவில் வைப்பதோடுதான் சண்டை.

ஊர்தி என்பது ஊர்தல் வழி வந்தது. ஊர்தல் என்றால் இன்றைக்கு எறும்பும் நத்தையும்தான் நினைவுக்கு வரும், ஆனால் பழைய தமிழில் ஏறிச் செல்வதும் ஊர்தல்தான். "சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்று 37ஆம் குறளில் பல்லக்கில் போகிறவன் ஊர்கிறான். ஆக ஊர்தி என்றால் ஒன்றை ஏற்றிக்கொண்டு போவது. ஏவும் ஊர்தி, ஏவூர்தி. பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி, எஸ்எஸ்எல்வி எல்லாவற்றிலும் கடைசி இரண்டு ஆங்கில எழுத்தான எல்வி, லாஞ்ச் வெஹிக்கிள். லாஞ்ச் என்றால் ஏவு, வெஹிக்கிள் என்றால் ஊர்தி. மொழிபெயர்க்கிறவர் மூளையைக் கசக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இரண்டுக்கு இரண்டு அப்படியே பொருந்துகிறது. வெஹிக்கிள் எந்த வழியில் போனால் கணை ஆகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த இரண்டு வேர்களும் புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ஒரே அடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: "வலவன் ஏவா வான ஊர்தி". புகழோடு வாழ்ந்தவர்கள், ஓட்டுபவன் செலுத்தாத வான ஊர்தியில் விண்ணுலகம் போவார்கள் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்குச் சொல்கிறார். இதைக் காட்டி அன்றைக்கே தமிழன் டிரோன் விட்டான் என்று கிளம்புகிறவர்களைத் தயவுசெய்து யாராவது பிடித்து உட்கார வையுங்கள், அது புலவர் கண்ட கற்பனை. எனக்கு அந்த வரி வேறு காரணத்துக்காக வேண்டும். ஏவுதல் என்றால் ஆயுதம் எறிவது மட்டும்தான், ஊர்தியோடு அது சேராது என்று யாரும் சொல்ல முடியாது; ஊர்தியை ஏவுவது நம் மொழியில் பழகிய வழக்கு.

இலக்கணத்தில் ஒரு சின்ன முனகல் உண்டு. ஏவு என்பது முற்றியலுகரம் ஆயிற்றே, பின்னால் உயிர் வந்தால் அந்த உகரம் கெடலாமா, ஏவுவூர்தி என்றல்லவா வர வேண்டும் என்பார்கள். நன்னூலே "முற்றும் அற்று ஒரோவழி" என்று சொல்லிவிட்டது, முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே கெடும். கதவு + அழகு கதவழகு ஆகிறதே, அதுபோல. சரி, அது முடிந்தது.

இனி எதிர்த்தரப்பு. ராக்கெட்டையும் ஏவுகணை என்பதே சரி என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாதம் முழுக்க வெறும் வாதமும் இல்லை. முதல் வாதம் வரலாறு. நாம் ராக்கெட்டுக்கு முன்பே வைத்த பெயர் வாணம், வாணவேடிக்கையில் இருக்கிற வாணம். அது வடமொழி பாணத்திலிருந்து வந்தது, பாணம் என்றாலும் அம்புதான். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழலில் மருந்து அடைத்த வாணங்களைப் போரில் விட்டார்கள், 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படை அதில் பட்ட பாடு பெரிது. பிறகு அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். ஆகவே ராக்கெட் பிறப்பிலேயே ஆயுதம், கணை என்பதில் என்ன தவறு என்கிறார்கள்.

தவறு ஒன்றுமில்லை, அன்றைக்கு. 1780இல் இருந்திருந்தால் நானும் கணை என்றே சொல்லியிருப்பேன். ஒரு பொருளின் வேலை மாறி, அந்தப் புதிய வேலைக்குத் தனித்துறையே வந்த பிறகும் பழைய பெயரைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ஆங்கிலமே ராக்கெட் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றாமல், செயற்கைக்கோளைக் கொண்டுபோய் விடுவதற்கு லாஞ்ச் வெஹிக்கிள் என்று தனிப்பெயர் வைத்தது.

இரண்டாவது வாதம் தொழில்நுட்பம், இது கொஞ்சம் கனமானது. செயற்கைக்கோள் ஏவிய எஸ்எல்வி-3இன் முதல் கட்ட மோட்டாரை எடுத்துத்தானே அக்னி ஏவுகணையைச் செய்தார்கள், இரண்டும் ஒரே இரும்பு ஒரே எரிபொருள், பிறகு பெயர் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்கிறார்கள். உண்மைதான், 1989 மே 22 அன்று முதலில் சோதித்த அக்னியின் கீழ்ப்பகுதி எஸ்எல்வி-3 வழி வந்தது. ஆனால் பெயர் இரும்புக்கு வைப்பதில்லை, வேலைக்கு வைப்பது. ஏவூர்தி தன் சுமையைப் பக்கவாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கி.மீ. வேகத்துக்குத் தள்ளி, திரும்பி விழாதபடி தாழ்வான சுற்றுப்பாதையில் விட்டுவிட வேண்டும், அங்கே அதன் வேலை முடிகிறது. அக்னி போன்ற ஏவுகணையின் சுமை விழுந்தாக வேண்டும், அதுவும் குறித்த இடத்தில். ஒன்றில் சுமை விழுந்தால் தோல்வி, மற்றதில் விழாவிட்டால் தோல்வி. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் எஸ்எல்வி-3 ரோகிணி செயற்கைக்கோளோடு வங்கக்கடலில் விழுந்ததற்காக அது நல்ல ஏவுகணை ஆகிவிடாது.

இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபடுவது அப்துல் கலாமின் வாழ்க்கை வரலாறு. அவர் இஸ்ரோவில் எஸ்எல்வி-3 திட்ட இயக்குநர். 1980 ஜூலை 18 அன்று அது ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. பிறகு 1982இல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்குப் போய், 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தை நடத்தினார்: பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக். ஏவுகணை மனிதர் என்ற பட்டம் இந்த இரண்டாவது வேலைக்கு. "இந்தியாவின் முதல் ஏவுகணை எஸ்எல்வி-3" என்று எழுதிவிட்டால் இரண்டு அமைப்பு, இரண்டு துறை, இரண்டு நோக்கம் எல்லாம் ஒரே கூழாகிவிடும். விண்வெளித்துறையின் கீழ் இஸ்ரோ, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டிஆர்டிஓ. பொருத்துக வினா வந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

மூன்றாவது வாதம்தான் எரிச்சல் தருவது: மக்களுக்கு இதுவே பழகிவிட்டது, புரிகிறது, போதும். யாருக்குப் புரிகிறது? 2024 மார்ச் 11 அன்று அறிவித்த திவ்யாஸ்திரம் சோதனை, ஒரே அக்னி-5இல் பல வெடிமுனைகளை வைத்துத் தனித்தனி இலக்குக்கு அனுப்பும் நுட்பம். 2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி-சி37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. இரண்டையும் "ஒரே ஏவுகணையில் பல" என்று எழுதிப் பாருங்கள். படிக்கிற பிள்ளைக்கு 104 குண்டா, 104 செயற்கைக்கோளா என்று எப்படித் தெரியும்?

சரி, அப்படியானால் விண்ணுக்குப் போவதெல்லாம் ஏவூர்தி, தரையில் அடிப்பதெல்லாம் ஏவுகணை என்று சுலபமாக ஒரு கோடு போட்டுக்கொள்ளலாமா என்றால் அதுவும் கூடாது. 2019 மார்ச் 27 அன்று மிஷன் சக்தியில் சுமார் 300 கி.மீ. உயரத்தில் நம்முடைய ஒரு செயற்கைக்கோளையே அடித்து நொறுக்கியது ஏவுகணைதான், விண்வெளியைத் தொட்டதால் அது ஊர்தி ஆகவில்லை.

அப்புறம் ராக்கெட்டை என்ன செய்வது? இங்கேதான் தனித்தமிழ் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ராக்கெட்டுக்கும் ஏவூர்தியே, வேறெதுவும் கூடாது என்கிறார்கள். ராக்கெட் என்பது உந்தும் முறை. எரிபொருளையும் அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் தரும் பொருளையும் தானே சுமந்து, வளிமத்தைப் பின்னால் தள்ளி முன்னால் போவது. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து போன நைக்-அப்பாச்சி, வளிமண்டலத்தை ஆராய மேலே போய்க் கீழே விழுந்த ராக்கெட்; அது எதையும் சுற்றுப்பாதையில் விடவில்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. தொடக்ககால பினாகா ஆயுதம்தான், ஆனால் வழிகாட்டும் கருவி இல்லாத ராக்கெட். பிரம்மோஸ் ஏவுகணை, ஆனால் கிளம்பும்போது கொஞ்ச நேரம்தான் ராக்கெட், பிறகு வெளிக்காற்றை உள்ளிழுத்து எரிக்கும் ராம்ஜெட்டில் போகிறது. இத்தனைக்கும் ஒரே சொல்லை மாட்டினால் மறுபடி அதே கூழ், இந்த முறை தூய தமிழில். உந்துகணை என்ற சொல்லும் இருக்கிறது, ஈழத்து வழக்கில் கேட்டிருப்பீர்கள். பினாகா வகைக்கு அது மிகவும் பொருந்தும், தும்பாவுக்குப் பொருந்தாது. நான் பொதுச்சொல்லாக ராக்கெட்டை அப்படியே விட்டுவிடுவேன். விண்கலம் என்று ராக்கெட்டைச் சொல்வதை மட்டும் பொறுக்க முடியாது. சந்திரயான்-3 விண்கலம், அதைக் கொண்டுபோன எல்விஎம்-3 ஏவூர்தி.

உண்மையான குறை மொழிபெயர்ப்பு நடக்கிற விதத்தில் இருக்கிறது. மூலச் செய்தியை யாரும் படிப்பதில்லை, அகராதியில் முதலில் வருகிற சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை என்ற அழகான தொடரையே பாருங்கள், 5,500 கி.மீ.க்கு மேல் போகிற வகைக்கு உரியது அது. சில நூறு கி.மீ. போகிற பிருத்விக்கும் அதே பட்டத்தைக் கட்டிவிடுகிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் மீயொலி என்றால் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி, செய்தியில் மீயொலி என்றால் ஒலியை மிஞ்சிய வேகம், மாணவன் இரண்டையும் ஒரே நாளில் படிக்கிறான். இதன் மேல் வினாத்தாளில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று வேறு அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டுமாம். தமிழில் சொல் இல்லாமல் இந்த நிலை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகவே தேர்வுக்குக் குறிப்பு எடுக்கிறவர்கள் இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பிஎஸ்எல்வி துருவச் செயற்கைக்கோள் ஏவூர்தி, எஸ்எஸ்எல்வி சிறிய செயற்கைக்கோள் ஏவூர்தி, புஷ்பக் மறுபயன்பாட்டு ஏவூர்தி. செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு போனால் ஏவூர்தி, குறி பார்த்துப் போனால் ஏவுகணை. ஏவுகணை என்று எழுதும் இடத்திலும் தயவுசெய்து ஏவுக்கணை என்று நடுவில் ஒரு க் போடாதீர்கள், அது வினைத்தொகை, வல்லினம் மிகாது.