மழைச் சத்தமும் மறதி நோயும்: வீட்டில் செய்யக்கூடியவை

காலையில் சாப்பிட்ட இட்லியை மறந்துவிட்ட பெரியவர், மழை பிடித்ததும் "மாட்டைப் பிடிச்சு உள்ள கட்டுங்க" என்கிறார். டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவர்களின் வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். பிதற்றல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பேச்சு குறைந்துபோனவரோடு உட்கார்ந்து பேச, இதைவிட நல்ல சமயம் எளிதில் வாய்க்காது.

டிமென்ஷியாவுக்குப் பெரும்பாலும் காரணமான அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் மூளைப் பகுதிகளில் ஹிப்போகாம்பஸ் ஒன்று. புது நினைவுகளைப் பதியவைக்க அது வேண்டும். அதனால்தான் நேற்று நடந்தது முதலில் போகிறது, பழையது கூடுதல் காலம் தாங்குகிறது. பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881-லேயே இந்த வரிசையை எழுதிவைத்தார். பழையவற்றிலும் ஏறக்குறைய 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகளே அதிகம் மேலெழும்.

இன்று 80 வயதானவருக்கு அது 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை. அப்போது அவர் தலைக்கு மேல் இருந்தது நாட்டு ஓடா, பனையோலையா, தகரமா? முதலில் இதை உறவினர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓலையில் மழை அமுங்கி விழும். தகரத்தில் எதிரில் இருப்பவர் பேச்சே கேட்காது. ஓட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றித் தாரை தாரையாக இறங்கும், ஒழுகுமிடத்தில் வைத்த அண்டாவில் சொட்டுச் சொட்டாக விழும். அடுக்குமாடி வீட்டின் மூடிய கண்ணாடி ஜன்னலுக்குள் இவை எதுவும் வராது. ஜன்னலைத் திறந்து, வெளியே மழை விழுமிடத்தில் ஒரு அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பதிவு செய்த மழையைச் செல்போனில் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் பலிக்காது. சின்ன ஒலிபெருக்கியில் கனத்த ஓசைகள் வருவதில்லை, முதிய காதுகளோ மெல்லிய உச்ச ஓசைகளை முதலில் இழக்கின்றன. எஞ்சுவது அப்பளம் பொரிவது போன்ற இரைச்சல்தான். பெரிய ஒலிபெருக்கியை அறையின் மறுபக்கம் வைத்து, பேச்சுக்குரலைவிடக் குறைவாக, 10 முதல் 15 நிமிடம் மட்டும் ஒலிக்கவிடுங்கள். காது கருவி அணிபவராக இருந்தால், அதிலுள்ள இரைச்சல் குறைப்பு வசதி மழையையும் இரைச்சலாகக் கருதி அடக்கிவிடலாம். அதை மாற்ற முடியுமா என்று கருவி பொருத்தியவரிடம் கேளுங்கள்.

உட்காரவைக்கும் முன் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர்ச் சத்தம் சிறுநீர் உணர்வைத் தூண்டும். அதைச் சொல்லத் தெரியாதவர் நெளிவார், எழுந்து எழுந்து நடப்பார், வீட்டார் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாலை மங்கும் நேரம் வேண்டாம். இந்த நோயில் பலருக்குப் பதற்றம் கூடுவது அப்போதுதான். மழை இருட்டென்றால் பகலிலும் விளக்கைப் போடுங்கள்.

மண்வாசனையும் உதவலாம், ஆனால் அல்சைமரில் மோப்பத் திறன் சீக்கிரமே குறைவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

"ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது பரீட்சை. தோற்றுப்போனவர் வாயை மூடிக்கொள்வார். கை செய்த வேலைகளைப் பற்றிக் கேளுங்கள்: "ஈசல் பிடிக்க விளக்கு எங்க வைப்பீங்க தாத்தா?", "விறகு நனைஞ்சா அடுப்பு எப்படிப் பத்தவைப்பீங்க ஆச்சி?" கேட்டுவிட்டு நிதானமாகக் காத்திருங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் பிடிக்கும், நாம் இரண்டாவது கேள்வி கேட்டால் முதலாவது அறுந்துபோகும். "அம்மா நனைஞ்சுகிட்டு வருவாங்களே" என்றால், "அவங்க செத்து நாப்பது வருஷமாச்சு" என்று திருத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் சாவு. "மழை நாள்ல அம்மா என்ன செய்வாங்க?" என்று அங்கிருந்தே பேச்சைத் தொடருங்கள்.

எல்லா மழையும் இனிய நினைவல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1977 நவம்பரில் நாகை வட்டாரத்தைத் தாக்கிய புயல் ஆகியவற்றில் தப்பியவர்களின் இளமை நினைவுகளில் அந்த இரவுகளும் இருக்கின்றன. 2018 கஜா புயலில் கூரையும் தென்னையும் போனவர்களும் நம்மிடையே உண்டு. கை இறுகினால், மூச்சு வேகமானால், கண் வாசலையே பார்த்தால் ஒலியை உடனே நிறுத்தி ஜன்னலைச் சாத்துங்கள். "ஒண்ணுமில்ல" என்பது போதாது. "தண்ணி உள்ள வரல, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று கையைப் பிடித்துச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவருக்குப் பதிவு செய்த மழையை மறுபடி போட வேண்டாம்.

இது நோயின் போக்கை மாற்றாது, மருந்துக்கு மாற்றுமல்ல. வழக்கத்தைவிடக் குழப்பம் திடீரென ஓரிரு நாளில் கூடினால், அல்லது இல்லாதவை கண்ணில் தெரிந்தால், மழை கிளறிய பழைய நினைவு என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.