சுண்ணாம்புப் பாக்கெட்டும் டேர்டெவிலின் கண்களும்

நெட்ஃபிளிக்ஸில் 2015இல் வந்த 'டேர்டெவில்' முதல் சீசனுக்கு மொத்தம் 13 அத்தியாயங்கள். கடைசிக்கு முந்தைய 12ஆவதில், பார்வையற்ற நாயகன் மேட் மர்டாக், போதைப்பொருள் கொண்டுபோகும் பார்வையற்ற ஒருவரைப் பின்தொடர்ந்து ஒரு கிடங்குக்குள் நுழைகிறான். அங்கே வேலை செய்பவர்களுக்கும் கண் தெரியாது. அடுத்து வரும் சண்டையிலேயே மனம் போய்விடும். ஆனால் கண் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு அந்தக் கிடங்கு முதல் அத்தியாயத்தின் தொடக்கக் காட்சியைத்தான் நினைவூட்டும். சாலை விபத்தில் கொட்டிய ரசாயனம் சிறுவன் மேட்டின் கண்ணில் படுகிறது. பார்வை தெரியவில்லை என்று அப்பாவின் கையில் கிடந்து அலறுகிறான். காட்சி அத்தோடு முடிகிறது. நிஜத்தில் ஒரு கண் பிழைப்பதும் போவதும் அதற்கடுத்த அரை மணி நேரத்தில்தான்.

மதுரைப் பக்கம் அந்த ரசாயனம் லாரியில் வர வேண்டியதில்லை. சோழவந்தான் வெற்றிலையோடு தாத்தா பாட்டியின் சுருக்குப் பையிலேயே இருக்கிறது. பெட்டிக்கடைச் சுண்ணாம்பு சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிறது. குழந்தை அதை அமுக்கும், பல்லால் கடிக்கும். முகத்துக்கு நேரே பிடித்திருப்பதால், வெடித்தால் சுண்ணாம்பு கண்ணுக்குள்தான் பீய்ச்சும்.

ஈரச் சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். அளவில் சுமார் 12.4 (7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் போகப் போகக் காரம்). அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்புப் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் அப்படியில்லை, செல் சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கி உள்ளே இறங்கிக்கொண்டே போகும். போதாக்குறைக்குச் சுண்ணாம்புத் துகள் மேலிமைக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் காரத்தைக் கசியவிடும்.

அதனால் முதலில் தண்ணீர், பிறகுதான் வண்டி. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்தபின் கழுவலாம் என்றால் கருவிழி வெந்திருக்கும். குழந்தையைப் பெரிய துண்டில் கைகளோடு சேர்த்துச் சுற்றிப் படுக்க வையுங்கள். அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்தால் நல்ல கண்ணுக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் போகாது. ஒருவர் இமைகளை விரிக்க, இன்னொருவர் சொம்பால் மூக்குப் பக்கமிருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். குறைந்தது அரை மணி நேரம், ஒரு குடம் தீர்ந்தாலும் நிறுத்தக்கூடாது. குழாய்த் தண்ணீரே போதும். காய்ச்சிய நீர் தேடி ஒரு நிமிடமும் போக வேண்டாம்.

பெரும்பாலும் தவறுவது இமை விரிப்பதில்தான். எரிச்சலில் குழந்தை கண்ணை இறுக்கிக்கொள்ளும், ஈர விரல் வழுக்கும், தண்ணீர் இமைமேலேயே ஓடிவிடும். கழுவியாச்சு என்று பெற்றோர் நம்பிவிடுவார்கள். உலர்ந்த துணி சுற்றிய விரலால் பிடித்தால் இமை நழுவாது. நடுநடுவே கண்ணை நாலாபக்கமும் உருட்டச் சொல்லுங்கள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெண்ணெய் எதுவும் விடக்கூடாது. காரத்துக்கு எதிர் அமிலம்தானே என்று எலுமிச்சைச் சாறு பிழிவது இன்னும் கொடுமை. புண்ணான கண்ணில் இன்னொரு புண். துணி வைத்து இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

கழுவியதும் வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மருத்துவமனையில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மேலிமையை இரு மடிப்பாகப் புரட்டித் துகள்களைத் துடைத்தெடுப்பார்கள், பி.எச். 7க்கு வரும்வரை மறுபடி கழுவுவார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ இரவானாலும் கிளம்புங்கள். வாங்கிய பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண் சிவக்கவில்லையே என்று நிம்மதியடையாதீர்கள். கருவிழியைச் சுற்றிய வெள்ளைப் பகுதி பளிங்குபோல் வெளிறியிருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் செல்கள் இருப்பது அந்த விளிம்பில்தான். அவை செத்தால் கருவிழி வெளுத்துப் பூ விழும். வெறும் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை அதற்குப் போதாது. முதலில் அந்தச் செல்களை வேறிடத்திலிருந்து எடுத்து வைத்தாக வேண்டும்.

பார்வை போனதும் மேட்டுக்கு மற்ற புலன்கள் அதிசயமாகக் கூர்மையாகின்றன. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது நடக்காது. வாங்கி வந்த சுண்ணாம்பை அன்றைக்கே திருகுமூடி டப்பாவுக்கு மாற்றி, எட்டாத உயரத்தில் வையுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கல் சுண்ணாம்பு நீற்றுகிறவர்கள், அது கொதித்துத் தெறிக்கும் என்பதால், பக்கம் மூடிய கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளை முற்றத்துக்கே விடாமல், ஒரு குடம் நல்ல தண்ணீரை அருகில் வைத்தபின் வேலையைத் தொடங்க வேண்டும்.