டிஸ்க் போகவில்லை, ஒரு வரிதான் தகராறு

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கிய முதல் வாரம். தங்கச்சிமடத்தில் ஒரு மீன் கம்பெனியிலிருந்து காலை ஏழு மணிக்கு போன். "தம்பி, கம்ப்யூட்டர் எந்திரிக்க மாட்டேங்குது. டிஸ்க் போயிருச்சாம், பார்மேட் அடிக்கணுமாம்."

"நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது உபுண்டு, லினக்ஸில் ஒரு வகை. ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டு, முழுதாக எழாமல் கட்டளை மட்டும் கொடுக்க முடிகிற எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. பேக்கப்புக்கு மாட்டியிருந்த யூஎஸ்பி டிஸ்க்கின் வயர் முனையில்தான் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றில் அது பூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

லினக்ஸ் எழும்போது எந்தப் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) எந்த போல்டரில் மவுண்ட் செய்வது, அதாவது இணைப்பது, எதைச் சோதிப்பது என்பதெல்லாம் ஈடிசி போல்டரில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கிறது. பார்ட்டிஷனுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு பகுதி. அங்கே எழுதிய டிஸ்க் கிடைக்காவிட்டால் 90 விநாடி பார்த்துவிட்டு சிஸ்டம் அப்படியே நின்றுவிடும். யூஎஸ்பி டிஸ்க் வரியை லினக்ஸ் கண்டுகொள்ளாமல் இருக்க, அதன் முன்னால் ஒரு # போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், எழுந்துவிட்டது. இதற்குத்தான் பார்மேட் அடிக்க இருந்தார்கள்.

அப்புறம் வரியைச் சரியாக எழுதினேன். டிஸ்க்கை 'எஸ்டிபி1' என்று, கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் வரிசையில் வைக்கும் பெயரால் குறித்திருந்தார்கள். அது, ஜெட்டியில் இரண்டாவதாகக் கட்டியிருக்கும் படகு என்று அடையாளம் சொல்வது மாதிரி. நாளைக்கு அங்கே வேறு படகு நிற்கும். பார்ட்டிஷனுக்கென்றே இருக்கும் யூயூஐடி எண்தான் படகின் பதிவெண் மாதிரி. அதையே எழுதினேன். 'பிஎல்கேஐடி' கட்டளை அதைக் காட்டும்.

ஆறாவது பகுதி சோதனை எண். சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதனையே வேண்டாமென்றால் 0. சீக்கிரம் பூட் ஆகட்டும் என்று எல்லாவற்றுக்கும் 0 போட்டிருந்தார் யாரோ ஒரு புண்ணியவான். நினைத்த நேரம் கரண்ட் போகிற, யூபிஎஸ் இல்லாத இடத்தில் இது வேண்டாத வேலை. 1, 2 என்று போட்டாலும், ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் தினமும் முழுச் சோதனை நடக்காது. கரண்ட் போய் நின்றிருந்தால், மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு சட்டென்று எழுந்துவிடும். பயந்துபோய், மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷன்மேல் நீங்களாக எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். நல்ல டிஸ்க்கையும் அது கெடுத்துவிடும்.

கடைசியாக, யூஎஸ்பி டிஸ்க் வரியில் 'நோஃபெயில்' ஆப்ஷன் சேர்த்தேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் எழும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எல்லா வரிகளையும் மவுண்ட் செய்து பார்க்கும் 'மவுண்ட் -ஏ' கட்டளை கொடுத்துப் பார்த்தேன், பிழை இல்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நான் கோட்டைவிட்டது அங்கேதான். அடுத்த மாதம் மறுபடி போன்: "தம்பி, டிஸ்க் ஃபுல்லுன்னு வருது." போய்ப் பார்த்தால் அதே வயர் மறுபடி பச்சை பிடித்துக் கிடக்கிறது. நோஃபெயில் இருந்ததால் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் எழுந்திருக்கிறது. தானாக பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் யூஎஸ்பி டிஸ்க் என்று நினைத்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கிலுள்ள வெறும் போல்டருக்குள் எழுதித் தள்ளியிருக்கிறது. அதாவது கணக்கும் பேக்கப்பும் ஒரே டிஸ்க்கில், மூன்று வாரமாக!

இப்போது நோஃபெயில் போடும் இடமெல்லாம், ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் டிஸ்க் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். வரவில்லையென்றால் பேக்கப் நடக்காது, திரையில் ஒரு எச்சரிக்கை வரும். அந்த அண்ணனுக்கு வயரும் இரண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.