கத்துறவருக்கு நாம சொல்ற நியாயம் ஏன் கேக்கிறல்ல?

இலங்கையின்ட கிழக்குக் கரையில, கல்லடி ஊர்ப் பக்கமோ திருக்கோவில் ஊர்ப் பக்கமோ, திருவிழால வெடி போட்டா சில பேர் விறைச்சுப் போயிருவாங்க, சில பேர் கிட்ட நிக்கிற ஆளுக்கு மேல பாய்வாங்க. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட ஊர் இது. உடனே நாம "சும்மா இரிங்க, அது வெடிதானே" எண்டு விளக்கம் சொல்லத் தொடங்குவம், ஆனா அந்த நேரம் விளக்கம் உள்ளுக்குப் போகாது.

மூளைக்குள்ள அமிக்டலா எண்டு ஒரு சின்னப் பகுதி இரிக்கு. ஆபத்து எண்டு அதுக்குப் பட்டா, நாம யோசிக்க முதலே உடம்பு முழுக்க அலாரம் அடிச்சிரும், அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடக்கும், அதோட நியாயம் பார்க்கிற முன்மூளையின்ட பிடி தளர்ந்திரும். கோர்ட்டிசோல் எண்ட ஹோர்மோன் இன்னும் ஆறுதலாத்தான் வரும், உச்சத்துக்குப் போக 20, 30 நிமிசம் ஆகும். அதனாலதான் சத்தம் அடங்கின பிறகும் ஆள் சின்னக் கதைக்கும் திரும்ப வெடிப்பார், அது நடிப்பில்ல.

தானும் மனவருத்தத்தில இருந்து மீண்டு வந்து இப்ப மத்தவங்களுக்குத் துணைக்குப் போற ஆக்களுக்கு முதல் வேலை தன்ட உடம்புதான். எதிர்ல ஒருவர் கத்தினா நம்மட குரலும் தானா ஏறும், அதைக் கேட்டு அவர் இன்னும் பயப்படுவார். மூச்சை எடுக்கிற நேரத்தை விட விடுற நேரத்தைக் கூட்டினா மூளையில இருந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு குறையும், குரலும் இறங்கும்.

2012ல அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் எழுதின வழிகாட்டல்ல ரெண்டு கை நீளம் தள்ளி நில்லுங்க, ஒரு ஆள் மட்டும் கதையுங்க எண்டு இரிக்கு. நம்மட ஊர்ல இதுதான் கஷ்டம், ஒரு வீட்டில சத்தம் கேட்டா ஒழுங்கையே கூடி ஆளுக்கொரு புத்தி சொல்லும். அவங்களை அனுப்பிப்போட்டு, வாசலை மறைக்காம, கொஞ்சம் சரிஞ்சு நிண்டு, "ஐயா, நான் இங்கதான் இரிக்கன். விறாந்தைல இரிப்பமா, இல்லாட்டி மாமரத்தடிக்குப் போவமா?" எண்டு கேட்டுப் பாருங்க. தெரிவு கையில கிடைச்சா அடைபட்ட உணர்வு குறையும். பதில் வராட்டி அதே வசனத்தை அதே குரல்ல திரும்பச் சொல்லுங்க, புதுசா ஒண்டும் சேர்க்காதீங்க.

பிறகு "பயந்திட்டீங்க போல" எண்டு உணர்வுக்குப் பேர் வைங்க. லொஸ் ஏஞ்சலிஸ்ல மத்தியூ லீபர்மன் குழு 2007ல மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தப்போ, கோவமான, பயந்த முகப்படங்களுக்கு உணர்வுச் சொல்லைத் தெரிவு செய்தவங்கட அமிக்டலா வேலை செய்றது குறைஞ்சிருந்திச்சு. பிழையாச் சொன்னாலும் பரவாயில்ல, "பயம் இல்ல, கோவம்" எண்டு அவரே திருத்துவார், அந்தத் திருத்தத்துக்கே முன்மூளை வேலை செய்யணும்.

கத்தி, பொல்லு கையில இரிந்தா இதெல்லாம் விட்டுப்போட்டு விலகி பொலிசுக்கு, 119க்கு அடிங்க. சாகப்போறன் எண்டு சொன்னா அந்த எண்ணம் இரிக்கா எண்டு நேராவே கேளுங்க, கேக்கிறதால அது அதிகமாகாது, தனிய விடாம மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்க, உயிருக்கு ஆபத்தெண்டா 1990 அம்புலன்ஸ்.

துணைக்குப் போனவர்ட உடம்பிலயும் அதே கோர்ட்டிசோல்தான் ஓடுது. அவரை உடனே அடுத்த வீட்டுக்கு அனுப்பாதீங்க, ஒரு அரை மணித்தியாலமாவது யாரோடயாவது இரிந்து கதைக்க விடுங்க.