இரகசிய இலக்கம் சரியாக இருந்ததனால் இழப்பு உங்களுடையதாகிவிடுமா?

தாம் எடுக்காத பணம் பற்று அட்டை மூலம் கணக்கிலிருந்து போய்விட்டதென்று சட்டத்தரணியிடம் வருபவர்கள் பெரும்பாலும் வங்கிக் கிளைக்கு ஏற்கெனவே போய் வந்தவர்களாகவே இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பதிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: உங்கள் அட்டையும் உங்கள் இரகசிய இலக்கமும் பயன்படுத்தப்பட்டுள்ளன, ஆகவே எங்களால் எதுவும் செய்ய இயலாது. திருகோணமலையில் நான் தொழில் செய்துவரும் காலத்தில், இந்தப் பதிலையே முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு மூதூருக்கோ குச்சவெளிக்கோ திரும்பிப் போய்விட்டு, மாதங்கள் கழிந்த பின் யாரோ சொல்லி மீண்டும் வருபவர்களைக் கண்டிருக்கிறேன். கிளையில் சொல்லப்படுவது பிணக்கில் ஒரு தரப்பாருடைய நிலைப்பாடு என்பதை அவர்களுக்கு முதலில் விளக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் உண்மையில் வாடிக்கையாளருடைய பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. வங்கித்தொழில் பற்றிய பிணக்குகளில், நமது சட்டவாக்கம் வேறாக எதையும் விதித்திராத இடங்களில், இங்கிலாந்துச் சட்டத்தையே பின்பற்ற வேண்டுமென்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. அந்தச் சட்டத்தின்படி, கணக்கிலுள்ள பணம் வங்கி உங்களுக்குத் தரவேண்டிய கடனாகும். உங்கள் பணிப்புரை இல்லாமல் வங்கி வேறொருவருக்குப் பணம் கொடுத்தால், அது தன் சொந்தப் பணத்தைக் கொடுத்ததாகவே கருதப்படும். உங்கள் கணக்கில் அதைப் பற்று வைக்க அதற்கு உரிமையில்லை.

காசோலைக் காலத்து வழக்குகள் இரண்டு இதன் எல்லைகளைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஹொங்கொங்கிலிருந்து, அப்போது அதன் இறுதி மேன்முறையீட்டு மன்றாக இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடாகச் சென்று 1985இல் தீர்க்கப்பட்ட தாய் ஹிங் பருத்தி ஆலை வழக்கில், நிறுவனத்தின் கணக்கு எழுதுநர் ஒருவர் ஏறத்தாழ 300 காசோலைகளில் போலிக் கையொப்பமிட்டுப் பணம் எடுத்திருந்தார். நிறுவனம் வங்கி அனுப்பிய மாதாந்தக் கணக்குக் கூற்றுகளைச் சரியாகப் பார்த்திருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கும் என்று வங்கிகள் வாதிட்டன. கூற்றைப் பரிசோதிக்கும் அத்தகைய பொதுக் கடமை வாடிக்கையாளருக்கு இல்லையென்று கூறி, இழப்பை வங்கிகள் மீதே மன்று சுமத்தியது. மற்றையது 1933இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச மன்றாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த கிறீன்வுட் வழக்கு. கணவருடைய கையொப்பத்தை மனைவி போலியாக இட்டுப் பணம் எடுத்திருந்தார்; கணவர் அதை அறிந்திருந்தும், மனைவியின் வேண்டுகோளுக்கிணங்கி வங்கிக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார். மனைவி இறந்த பின்னர் அவர் வங்கிமீது வழக்குத் தொடர்ந்து தோற்றார். கூற்றைப் பார்க்காதிருப்பதற்கும், அறிந்த பின் மௌனமாக இருப்பதற்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு பற்று அட்டைப் பிணக்குகளுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. மகனோ மருமகனோ எடுத்திருக்கக்கூடும் என்று ஐயம் கொண்டு, குடும்ப மானத்துக்காகச் சில மாதங்கள் பொறுத்திருந்து பின்னர் முறைப்பாடு செய்பவர்கள் கிறீன்வுட்டின் நிலையிலேயே நிற்கிறார்கள்.

இத்தகைய தீர்ப்புகளைப் படித்த வங்கிகள் சும்மா இருக்கவில்லை. அட்டையுடன் தரப்படும் நிபந்தனைகளில், அட்டை தொலைந்ததை அறிவிக்கும் வரை நடைபெறும் கொடுக்கல் வாங்கல்களுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்றும், வங்கியின் பதிவேடுகளே முடிவான சான்று என்றும் பொதுவாக எழுதப்பட்டிருக்கும். கையொப்பமிட்டவர் அதைப் படிக்கவில்லை என்பது நல்ல வாதமாகாது. எனினும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின் கீழ், தன் கவனயீனத்துக்கான பொறுப்பை ஒரு தரப்பு நிபந்தனையொன்றினால் தட்டிக்கழிப்பது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய முடியும். ஆகவே நிபந்தனையைக் கண்டவுடன் பின்வாங்க வேண்டியதில்லை; அதன் பிரதியொன்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்வதே முதல் வேலை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டியுள்ளது. மூன்று நாட்களுக்குள் அறிவித்தால் முழுப் பணமும் திரும்பிவிடும் என்று தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலர் சொல்கிறார்கள். அது இந்திய ரிசர்வ் வங்கி 2017 யூலை 6ஆம் திகதி இந்திய வங்கிகளுக்கு வெளியிட்ட சுற்றறிக்கையின் ஏற்பாடாகும். உப்புவெளியில் வைத்திருக்கும் கணக்குக்கு அதனால் பயனில்லை. அமெரிக்காவில் அட்டை தொலைந்ததை அறிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருடைய பொறுப்பு 50 டொலருக்கு மேற்படாது. பிந்தினால் 500 டொலர் வரை உயரும். கூற்று அனுப்பப்பட்டு 60 நாட்கள் கடந்தும் அறிவிக்காவிட்டால் அதன் பின்னரான இழப்புக்கு எல்லையே இல்லாமற் போகலாம். பிரித்தானியாவின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அட்டை தொலைந்த அல்லது களவுபோன நிலையில் வாடிக்கையாளர் மீது பொதுவாக 35 பவுணுக்கு மேல் சுமத்துவதில்லை. அட்டை பயன்படுத்தப்பட்டதாகப் பதிவு இருப்பது மட்டும் வாடிக்கையாளர் அனுமதித்தார் என்பதற்குப் போதுமான சான்றாகாது என்றும் அவை கூறுகின்றன. விடுமுறைக்கு வந்து நிலாவெளியில் அட்டையைத் தொலைக்கும் இலண்டன் உறவினர், அட்டையை வழங்கிய தம்முடைய வங்கியிடமே அந்த விதிகளைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

நமது 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் முதன்மையாக மோசடிக்காரரைத் தண்டிப்பதற்கானது. பொலிஸ் முறைப்பாடு அவசியம்தான், ஆனால் அதனால் மட்டும் கணக்குக்குப் பணம் திரும்பாது.

நம் பகுதியில் வாடிக்கையாளருடைய நிலையை மிக அதிகமாகப் பலவீனப்படுத்துவது அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் சேர்த்துப் பிறரிடம் கொடுத்தனுப்பும் வழக்கமே. நடக்க இயலாத ஓய்வூதியகாரர் அயலவரிடம் கொடுக்கிறார். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவை எடுக்க முச்சக்கர வண்டிக்காரரிடம் கொடுக்கப்படுகிறது. இதை ஒழுக்கக் குறைபாடாகக் கருதி ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பணப் பொறி (ஏ.ரி.எம்.) தொலைவில் இருக்கும் ஊரில் வயோதிபர் வேறு என்ன செய்வார்? ஆயினும் 5,000 ரூபா எடுக்கச் சொல்லப்பட்டவர் 25,000 ரூபாவை எடுத்துவிட்டால், நீங்களே அதிகாரம் கொடுத்தீர்கள் என்ற வாதத்தை வங்கி வலுவாக முன்வைக்கும். தொலைபேசியில் வங்கி அதிகாரியாக நடித்தவரிடம் ஓ.ரி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு இலக்கத்தைச் சொல்லிவிட்டவர்களுடைய நிலையும் கடினமானதே.

இரகசிய இலக்கத்தை எவரிடமும் கொடுக்காதவருடைய பிணக்கு முற்றிலும் வேறானது. அவர் உடனடியாக வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து அட்டையை முடக்கி, அழைத்த நேரத்தையும் தரப்பட்ட முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின் கிளைக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெற வேண்டும். அக்கடிதத்தில், பணம் எந்தப் பொறியில் எடுக்கப்பட்டது, அப்போது அட்டையின் சிப் வாசிக்கப்பட்டதா அல்லது காந்தப் பட்டியா என்று கேளுங்கள். காந்தப் பட்டியின் தரவைப் பிரதி செய்து போலி அட்டை தயாரிக்க முடியும், சிப்பில் அது மிகக் கடினம் என்பதால் இந்த விடை வழக்கின் போக்கையே மாற்றக்கூடும். பொறியிலுள்ள கமராப் பதிவைப் பாதுகாத்து வைக்குமாறும் அதே கடிதத்தில் கோருங்கள். அப்பதிவுகள் குறுகிய காலத்தில் மேலெழுதப்பட்டுவிடும். இணையத்தில் பொருள் வாங்கியதாகப் பணம் போயிருந்தால், விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின் கீழ் வங்கி அந்தக் கொடுப்பனவை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கோரலாம், ஆனால் அதற்குப் பெரும்பாலும் 120 நாட்களே உண்டு. தெரியாத மொழியிலுள்ள படிவத்தில் கையொப்பமிட வேண்டாம், தமிழில் கேளுங்கள். உறுதியாகத் தெரியாத ஊகங்களை அதில் எழுதவும் வேண்டாம்; தெரிந்த உண்மையை மறைக்கவும் வேண்டாம்.

வங்கியின் எழுத்துமூலமான பதில் திருப்தியளிக்காவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தின் ஊடாகவோ எழுத்து மூலமாகவோ முறையிடலாம். நிதி நிறுவனங்களுடனான பிணக்குகளை விசாரிக்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மனும் கட்டணமின்றி முறைப்பாடுகளை ஆராய்கிறார். இரு இடங்களிலும் வங்கிக்கு முன்னர் கொடுத்த கடிதமும் அதன் பதிலும் கேட்கப்படும். எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடர 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது. ஆனால் கமராப் பதிவு அதுவரை இருக்காது.