பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் நல்லவரா?

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, லைன் வீட்டில் குடித்தனம். புகார், மகளிடம் தவறாக நடந்ததாகப் பக்கத்து வீட்டில் டியூசன் எடுத்த ஆள் மீது. அழுதுகொண்டே கேட்டார்: “இப்படிப்பட்டவங்க பேரெல்லாம் கவர்மெண்டு லிஸ்ட்டுல இருக்குமாமுங்களே மேடம், நான் மொதல்லயே பார்த்திருக்கணுமுங்களா?”

பார்த்திருக்கவே முடியாதுங்க. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. அதைப் பார்க்கும் அனுமதி காவல்துறைக்கும் புலனாய்வு அமைப்புகளுக்கும் மட்டும்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2000-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒருவரால் குழந்தைகளுக்கு ஆபத்து என்று தெரிந்தால், தண்டனையோடு அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவும் போட அங்கே நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வீடு மாறினாலும் வேலை மாறினாலும் அவர் போலீசில் சொல்லியாக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் நம் போக்சோ சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

சரி, பட்டியலைத் திறந்தே காட்டினாலும் அந்த ஆளின் பெயர் அதில் இருந்திருக்காது. தண்டனை பெற்றவரின் பெயர்தான் அதில் ஏறும். தண்டனைக்கு வழக்கு வேண்டும், வழக்குக்குப் புகார் வேண்டும். நம் ஊரில் என்ன நடக்கிறது? பங்காளிகள் கூடிப் பேசி, காதும் காதும் வைத்த மாதிரி முடித்து, ஆளை ஊரை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். மீறி வழக்குக்கு வந்தாலும் சாட்சிக் கூண்டில் சொந்த மாமனே முன்பு சொன்னதை மாற்றிப் பேசிப் பிறழ்சாட்சி ஆகிறார். இந்த ஆளையும் இரண்டு வருடத்துக்கு முன் பல்லடம் பக்கம் ஒரு குடும்பம் அப்படித்தான் அனுப்பியிருக்கிறது. அவர்களே இப்போது சொல்கிறார்கள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வந்து வீடு பிடித்து, மறுபடி டியூசன் ஆரம்பித்துவிட்டார்.

போக்சோ வழக்கில் சமரசத்துக்கு இடமே இல்லை. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம், ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் ஊழியர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. பையன்களுக்கும் இதே சட்டம்தான். “ஆம்பளப் பையன்தானே” என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பள்ளியிலும் விளையாட்டுப் பயிற்சி மையத்திலும் ஒப்பந்த ஊழியர் உட்பட எல்லோருக்கும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. செய்தார்களா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். செய்திருந்தாலும் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். பழைய வழக்கு இல்லை என்பதை மட்டும்தான் அது காட்டும். என்னிடம் வரும் வழக்குக் கட்டுகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்த ஆள்தான்.

“அங்க போகமாட்டேன்” என்று பிள்ளை அடம்பிடித்தால் அதட்டாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். அந்த அம்மாவின் மகள் மூன்று வாரம் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது. வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் வரக் கூடாது, பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது, பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. இத்தனையும் சட்டத்திலேயே இருக்கிறது. மானம் போய்விடும் என்று பயந்து பேசி முடிக்கப் போகிறவர்கள், அதற்கு முன் ஒரு தடவை வழக்கறிஞர்களான எங்களில் யாரிடமாவது வாருங்கள், தயவுசெய்து.