தாமதத்தைச் சொல்லும் ப்ளகின், சொல்லாத ப்ளகின்

தவில்காரர் ஒருவருக்கு ஹெட்ஃபோனை மாட்டி, கம்ப்யூட்டரில் ஓடும், தாளம் காட்டும் 'க்ளிக்' ஒலிக்கு வாசிக்கச் சொல்லுங்கள். ரெண்டு ஆவர்த்தனம் தாண்டுவதற்குள் நிறுத்திவிடுவார். "தம்பி, கைக்கும் காதுக்கும் நடுவுல என்னமோ இழுக்குதே." கீழக்கரையிலோ பாம்பனிலோ படுக்கையறையை ஸ்டுடியோ ஆக்கியவர்களுக்கு இந்தப் புகார் புதிதாக இருக்காது.

தாமதம் என்பது காற்றிலேயே உண்டு. நம் கரையோர வெயிலில், 30 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். மில்லி நொடிக்கு 35 சென்டிமீட்டர். கோயில் வாசலில் நாதஸ்வரத்துக்கு 2 மீட்டர் தள்ளி நிற்கும் தவில்காரர் அந்த ஒலியை 6 மில்லி நொடி பிந்தித்தான் கேட்கிறார். தாளம் ஒன்றும் தப்புவதில்லை.

கம்ப்யூட்டர் ஒலியைச் சாம்பிள் எனும் பொடிப்பொடி அளவீடுகளாக வெட்டி, கட்டுக் கட்டாகத்தான் வாங்கும். அந்தக் கட்டுக்குப் பெயர் பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால், 256 சாம்பிள் பஃபர் நிரம்ப 5.3 மில்லி நொடி. உள்ளே வர ஒரு கட்டு, வெளியே போக ஒரு கட்டு. 10 மில்லி நொடிக்கு மேல் ஆகிவிட்டது. 512 வைத்தால் 21. தவில்காரரின் கை அங்கே முரண்டு பிடிக்கத் தொடங்கும். (ப்ளூடூத் இயர்ஃபோனில் பதிவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம்.)

அப்படியானால் 64-க்கு இறக்கிவிடலாமே? இறக்கலாம். ஆனால் எல்லா ப்ளகின்களும் (பதிவு மென்பொருளுக்குள் செருகி ஒலியை மாற்றும் குட்டி மென்பொருள்கள்) 1.3 மில்லி நொடிக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஒரு தடவை பிந்தினாலும் 'டப்'பென்று வெடிக்கும். அதனால்தான் ப்ளகினில் ஒலியைக் கையாளும் நிரல் பகுதிக்குள் (ஃபங்ஷன்) மெமரி கேட்காதே, ஃபைலைத் திறக்காதே, பக்கத்தில் ஓடும் இன்னொரு வேலைக்காக (த்ரெட்) காத்திருக்காதே என்று ப்ளகின் எழுதுபவர்கள் தலையில் அடித்துச் சொல்கிறார்கள். நம் பக்கம் இதில் ஒரு கூடுதல் குழப்பம்: உப்புக்காத்தில் ஜாக் பின் அரித்தாலும் இதேபோலத்தான் கரகரக்கும். பஃபரை ஏற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் பழி மென்பொருள் மேல். நிற்காவிட்டால் ஜாக்கைத் துடையுங்கள்.

இதுவரை சொன்னது கம்ப்யூட்டரின் தாமதம். சில ப்ளகின்கள் தம் பங்குக்கும் தாமதிக்கும். வரப்போகும் அடியை முன்கூட்டியே பார்த்து அடக்கும் லிமிட்டர், ஒலியை அந்த அளவுக்குக் கையில் பிடித்து வைத்துக்கொண்டால்தான் 'முன்கூட்டி' பார்க்க முடியும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு பிந்த வைத்து ஒலியின் தொனியைத் திருத்தும் லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் இன்னும் மோசம்: 4,097 புள்ளி ஃபில்டர் என்றால் 2,048 சாம்பிள், கிட்டத்தட்ட 43 மில்லி நொடி. என் கணக்கில் இது குற்றமே இல்லை, ப்ளகின் வாயைத் திறந்து சொல்லிவிட்டால். "நான் 2,048 சாம்பிள் பிந்துவேன்" என்று அறிவித்தால், பதிவு மென்பொருள் மற்ற ட்ராக்குகளையும் அதே அளவு பிந்த வைத்து எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தும்.

சொல்லாமல் விட்டால்? ஒரே தவில் ஒலியை இரண்டு ட்ராக்காக்கி, ஒன்றில் மட்டும் 1 மில்லி நொடி பிந்தும் ப்ளகினைப் போட்டுக் கலந்து பாருங்கள். 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என வரிசையாக அந்த அதிர்வெண்களில் இரண்டு ட்ராக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். தவிலின் கனத்த பக்கமான தொப்பியின் கனம் போய் தகர டப்பா மிஞ்சும்.

ஆனால் இந்தச் சரிக்கட்டல் நேரடி வாசிப்புக்கு உதவாது. மற்றதைப் பிந்த வைக்கலாம். வாசிப்பவரை முந்த வைக்க முடியாது. அங்கே ப்ளகினே தாமதத்தைக் குறைத்தாக வேண்டும். ராமேஸ்வரம் கோயிலின் 1,212 தூண் பிரகாரத்து எதிரொலியைத் தவிலுக்கு நேரடியாகச் சேர்க்க நினைத்தால், நொடிக்கணக்கில் நீளும் அந்த வாலை ஒரே கட்டாகக் கணக்கிட முடியாது. அதற்குள் தனி ஆவர்த்தனமே முடிந்துவிடும். 1995-ல் வில்லியம் கார்ட்னர் இதற்கு வழி காட்டினார். வாலின் முதல் துண்டை உடனுக்குடன் கணக்கிடு. பிந்தி வரும் துண்டுகளுக்குத்தான் நேரம் இருக்கிறதே, அவற்றைப் பெரிய பெரிய கட்டுகளாக வேக ஃபூரியர் முறையில் (ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துச் சீக்கிரம் கணக்கிடும் முறை) முடி. கூடுதல் தாமதம் பூஜ்யம்.

கடைசியாக, பலரும் கோட்டை விடும் இடம் பைபாஸ், அதாவது ப்ளகினை அணைத்து ஒலியை அப்படியே போக விடும் பொத்தான். 2,048 சாம்பிள் பிந்தும் ப்ளகினை அணைத்தாலும், ஒலியை அதே 2,048 சாம்பிள் பிடித்து வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்த ட்ராக் மட்டும் 43 மில்லி நொடி முன்னால் குதிக்கும். சோதிப்பது சுலபம்: ஒரே ஒரு சாம்பிள் 'டிக்'கை உள்ளே விட்டு, எத்தனையாவது சாம்பிளில் வெளியே வருகிறது என்று ப்ளகினை இயக்கி ஒரு தடவையும் அணைத்து ஒரு தடவையும் எண்ணுங்கள்.